முதுகுப் பலகை

முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் கிருஷ்ணவேணியின் முதுகுதான் ஜீவிதாவுக்குக் கரும்பலகை. மொபெட்டை ஓட்டிக்கொண்டே அம்மா ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கத்திச் சொல்வாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் மகள் அதை எழுத்தெழுத்தாக விரலால் முதுகில் எழுதுவாள். சரியென்றால் ஒரு ஹாரன். தப்பென்றால் அம்மா தோளைக் குலுக்குவாள்; மகள் உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

பிள்ளையார்பாளையத்தில் தெருவை அடைத்துத் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டியிருந்தால் வண்டி நின்றுவிடும். நீளமான வார்த்தைக்கெல்லாம் அந்த இடம்தான்.

"நெய்பர் எழுதுடி."

"எந்த நெய்பரு? பக்கத்து வீட்டு சம்பூர்ணம் அத்தையா?"

"அவங்களேதான். நம்ம தண்ணிக் கொடத்த நவுத்தி வச்சாங்களே, அவங்க. கோவத்துல கிள்ளாம எழுது."

விரல் தடுமாறாமல் எழுதி முடித்தது. ஹாரன் அடித்ததும் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இரும்மா, பறந்தா போவ முடியும்?" என்றார். ஜீவிதா அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு பள்ளிக்கூடத்து கேட்டோடு நின்றுவிடும். பென்சிலைப் பிடித்தால் எழுத்துகள் தலைகீழாகும், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வாயால் சொல்லச் சொன்னால் உதடு ஒட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை துர்கா மிஸ் இருவரையும் வரச்சொல்லியிருந்தாள்.

"நாலாங்கிளாஸ் வரைக்கும் எப்படியோ கொண்டுவந்துட்டோம்மா," என்றாள். "இன்னைக்கு டிக்டேஷன்ல பாதியாவது எழுதட்டும். இல்லைன்னா அடுத்த வருஷம் வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லிட்டாரு கரஸ்பாண்டென்ட்."

மிஸ் முதல் வார்த்தையைச் சொன்னாள். நெய்பர். ஜீவிதாவின் பென்சில் தாளைத் தொட்டு அங்கேயே நின்றது. கிருஷ்ணவேணிக்குத் தொண்டை வரைக்கும் எழுத்துகள் வந்து நின்றன. அடுத்த வார்த்தை. அதற்கடுத்தது. தாளில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

"மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. என் முதுகுல எழுதச் சொல்லட்டுமா? அதுல கரெக்டா எழுதுவா."

"முதுகுலயா?"

கிருஷ்ணவேணி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். மிஸ் மறுபடி ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, பின்னால் சின்ன விரல் வந்து தொட்டது. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. "கரெக்ட் மிஸ்! எல்லாமே கரெக்ட்!" என்று திரும்பினாள்.

துர்கா மிஸ் சிரிக்கவில்லை. "இருக்கும்மா. ஆனா அதை நீங்கதானே சொல்றீங்க?"

பட்டுக்கடையில் புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டி, நூறு பேச்சுப் பேசி விற்கிறவள் அவள். இங்கே காட்டுவதற்கு வெறும் முதுகுதான் இருந்தது.

மிஸ் பின்னலை முன்பக்கம் தள்ளிக்கொண்டு, "சரி, வா. என் முதுகுல எழுது," என்றாள்.

ஜீவிதா அம்மாவைப் பார்த்துவிட்டு மிஸ்ஸின் பின்னால் போய் நின்றாள். மேசைக்கு இந்தப்பக்கம் இருந்த கிருஷ்ணவேணிக்கு மகளின் தலைமயிர் மட்டும் தெரிந்தது. மிஸ் கண்களை இறுக்க மூடினாள். திடீரென்று நெளிந்து, "ஐயோ, கூசுது" என்றாள். "சாரிடா. இன்னொரு தபா, மெதுவா."

ஜீவிதா மறுபடி எழுதினாள். மிஸ்ஸின் உதடு ஏதோ ஒரு எழுத்தைப் பிடிக்கப் பார்த்தது, விட்டது. மூன்றாவது முறையும் அப்படியே. கண்ணைத் திறந்தபோது அவள் முகம் பாவமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே புரியலையேம்மா. நான் எதை வச்சு மார்க் போடறது, நீங்களே சொல்லுங்க."

கிருஷ்ணவேணி புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள். கடைசியில், "வேற எந்த ஸ்கூல் நல்லாருக்கும் மிஸ்?" என்று கேட்டாள்.

மிஸ் மூன்று பெயர் சொன்னாள். கிருஷ்ணவேணி தலையாட்டினாள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது ஜீவிதா கையைப் பிடித்து இழுத்தாள்.

"மா, மிஸ் முதுகுலயும் நான் கரெக்டாதாம்மா எழுதுனேன்."

தெரியும் என்று சொல்லத்தான் கிருஷ்ணவேணி வாயெடுத்தாள். ஆனால் இந்தத் தடவை எழுதியது தன் முதுகில் இல்லையே.