குதிரையாகப் பிறக்க வேண்டிய குழந்தை

என் மகளை ஐந்து வாரம் முன்னதாகவே வயிற்றைக் கிழித்து வெளியே எடுத்தார்கள். எனக்கு நோய் இல்லை, அவளுக்கும் ஆபத்து இல்லை. எங்கள் சீனப் பஞ்சாங்கத்தில் குதிரை வருடம் முடிந்து ஆட்டு வருடம் பிறக்க மூன்று நாள்தான் இருந்தது. அதுதான் அவசரம்.

ஆட்டு வருடத்துப் பெண்ணுக்குப் புருஷன் தங்கமாட்டான், வாழ்நாள் முழுக்கக் கண்ணீர்தான் என்று எங்கள் ஹெபெய் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. என் மாமியாருக்கு அது வேதவாக்கு. என் வயிறு அகலமாக இருப்பதைப் பார்த்து, பெண்தான் என்று அவரே முடிவும் கட்டிவிட்டார்.

"மார்ச்ல பொறந்தா ஆடு. இப்பவே எடுத்துட்டா குதிரை. அஞ்சு வாரத்துல பெருசா என்ன வளந்துடப் போகுது, லான்யிங்?"

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் டாக்டரம்மா முகத்திலடித்த மாதிரி மறுத்தார். "பிள்ளைக்கு நுரையீரல் முத்தணும்மா. காலண்டரப் பாத்து வயித்த அறுக்க என்னால முடியாது."

மாமியார் அசரவில்லை. மூன்று நாள் சாப்பிடாமல் என் அறை வாசலில் உட்கார்ந்தார். என் கணவன் யாவ்பிங் அம்மா பேச்சைத் தட்டாதவன். தட்டுவதற்கு முதுகெலும்பு வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு சின்ன கிளினிக்கைத் தேடிப் பிடித்து, "அம்மா நிம்மதியா இருப்பாங்க, கொஞ்சம் விட்டுக்குடேன்" என்று தாளை நீட்டினான். நானும் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன். நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிள்ளை இரண்டு கிலோகூட இல்லை. அழவில்லை. நீலம் பாரித்துவிட்டாள். மறுத்து அனுப்பிய அதே பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண்ணாடிப் பெட்டி, தொண்டையில் குழாய். மூன்றாம் நாள் என்னை மட்டும் வீட்டுக்கு அழைத்துவந்து, பெற்றவளுக்கு ஒரு மாதம் காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலையெல்லாம் அடைத்தார்கள்.

அன்றுதான் புத்தாண்டு. தெருவெல்லாம் வெடிச் சத்தம். வருகிறவர்களுக்கெல்லாம் சூரியகாந்தி விதைத் தட்டை நீட்டி மாமியார் ஒரே பாட்டைப் பாடினார்: "எங்க வீட்ல குதிரைக்குட்டி! கடைசி மூணு நாள்ல புடிச்சிட்டோம்ல!" நான் உள்ளறையில் கட்டிப்போன பாலைப் பீய்ச்சிக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

புத்தாண்டின் ஐந்தாம் நாள் மாமியாரின் அண்ணன் வந்தார். ஜாதகம் கணிப்பவர், குழந்தைக்குப் பெயர் பார்க்க அழைத்திருந்தார்கள். இறைச்சிக் கொழுக்கட்டையை மென்றபடி பஞ்சாங்கத்தைப் புரட்டியவர், சட்டென்று மெல்வதை நிறுத்தினார்.

"குதிரைன்னு யார் சொன்னா?"

"என்னண்ணே, புத்தாண்டுக்கு மூணு நாள் முன்னாடியே எடுத்தாச்சே!"

"ஜாதகத்துக்கு வருஷம் புத்தாண்டன்னிக்கு மாறாது தங்கச்சி. வசந்தம் தொடங்குற நாள்ல மாறும். அது பிப்ரவரி நாலாம் தேதியே வந்தாச்சு. நீங்க எடுத்தது பதினாறு. பிள்ளை ஆடுதான். எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா கொறஞ்சா போயிருப்ப?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுவார், பச்சைப் பிள்ளையை வீணாக வதைத்துவிட்டேனே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப இன்னும் ரெண்டு வாரம் முன்னாடியே எடுத்திருக்கணும்."

யாவ்பிங் தலையாட்டினான். சத்தியமாக, ஆமாம் என்று தலையாட்டினான்.

தையல் இழுக்க இழுக்கக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

"எங்க கெளம்பிட்ட? காத்து பட்டா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்!" என்று மாமியார் கத்தினார்.

"ஏழு நாளா எம்பொண்ணு குழாயில மூச்சு விடறா. மூச்சு வருதான்னு ஒரு தடவை கேட்டீங்களா அத்தை? ஆடா குதிரையான்னு மட்டும் நல்லா கேக்கறீங்க!"

யாவ்பிங் கார் சாவியோடு பின்னால் வந்தான். "நீ வராத" என்றேன்.

மருத்துவமனையில் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கவிட்டார்கள். "வரிசைல நாலாவது உங்க பொண்ணு" என்றார் நர்ஸ். "காலைல குழாய எடுத்துப் பாத்தாங்க. பத்து நிமிஷம் தாங்கினா. திரும்பப் போட்டாச்சு."

வரிசை நீளமாக இருந்தது. "எப்பவும் இவ்வளவு பேரா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நாலு, மிஞ்சிப் போனா அஞ்சு. இப்ப பதினொண்ணு. எல்லாம் புத்தாண்டுக்கு முன்னாடி அவசர அவசரமா எடுத்தது."

பதினோரு வீட்டில் குதிரைக்குட்டி என்று சொல்லி விதைத் தட்டை நீட்டிக்கொண்டிருப்பார்கள். நாலாவது பெட்டியில் என் மகளின் விலா எலும்பு உள்ளே போய் வெளியே வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் குழாய் இல்லாமல் மூச்சு விடும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்கப்போவதில்லை.

விட்ட பிறகும்தான்.