ஞாயிற்றுக்கிழமைக் களம்

நல்லுசாமி பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போகவில்லை என்றால் கொல்லிமலையில் யார் நம்புவார்கள்? காய்ச்சலோடு பிரசங்கம் செய்தவர் அவர். தொண்டை கட்டிப்போன நாளில் சைகையிலேயே ஆசீர்வாதம் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் முதல் வரிசை நாற்காலியில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த ஐப்பசி ஞாயிறு காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டி.வி.எஸ். வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

“ஆராதனை நேரத்துல செவுரு பாக்கப் போறீங்களாக்கும்?” என்றார் மனைவி ஸ்டெல்லா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஊசி போடுகிற குரல் இன்னும் போகவில்லை.

“நாளைக்குப் புத்தகம் அச்சுக்குப் போகுது ஸ்டெல்லா. இன்னைக்கி விட்டா அவ்வளவுதான்.”

“இதுவரைக்கும் ஏழு செவுரு பாத்தாச்சு. அஞ்சு மாட்டுப்பட்டி, ரெண்டு தண்ணித்தொட்டி. எட்டாவதையும் பாத்துட்டு வாங்க, போங்க.”

ஸ்டெல்லா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நல்லுசாமி நாற்பது வருசமாக எழுதிய கட்டுரைகளையெல்லாம் சேர்த்துச் சேலத்தில் ஒரு பதிப்புக் குழு புத்தகமாகப் போடுகிறது. மலைக்கு மரவள்ளி எப்போது வந்தது, ரோடு போடுவதற்கு முன்னால் எந்தெந்தத் தடத்தில் ஆட்கள் ஏறினார்கள், பல ஊர் சேர்ந்த நாட்டுப் பஞ்சாயம் எப்படிக் கூடியது, முதல் சர்ச் மணியை யார் சுமந்து வந்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். இந்த மலையில் முதல் ஆராதனை எந்த இடத்தில் நடந்தது?

நூறு வருசத்துக்கும் முன்னால் ஓர் உபதேசியார் நாலைந்து பேரோடு முள்ளுக்குறிச்சித் தடத்தில் ஏறி வந்தார். ஆலத்தூர் நாட்டில் ஒரு குடும்பத்தார் இடம் கொடுத்தார்கள், ஞாயிறுதோறும் பாடுகிறோம் என்று மிஷன் மேலிடத்துக்கு ஒரு வரி எழுதினார். அப்புறம் மலைக்காய்ச்சலில் விழுந்தார். தூளி கட்டிக் கீழே இறக்கினார்கள். ஆள் திரும்பவில்லை. பின்னால் வந்தவர்கள் வேறொரு நாட்டில் ஓட்டுக்கட்டடம் கட்டிக்கொண்டார்கள். அந்த முதல் இடத்தைத் தேடித்தான் நம் பாஸ்டர் கண்ட கண்ட குட்டிச்சுவரையெல்லாம் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

பதிப்புக் குழுவின் செயலாளர் நந்தகுமார், காலேஜில் சரித்திரம் நடத்துகிற பையன். மரியாதையான பையன்தான். ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. “ஐயா, கடைசிக் கட்டுரைக்கு ஆதாரம் பத்தலீங்க. திங்கக்கிழமைக்குள்ள ஏதாவது காட்டுங்க. இல்லீன்னா அதை எடுத்துட்டுத்தான் போடுவோம்,” என்று போனில் சொல்லிவிட்டான். நல்லுசாமிக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அந்தக் கட்டுரை இல்லாமல் அந்தப் புத்தகம் எதற்கு? முப்பது கட்டுரையும் அந்த ஒன்றைத் தேடிப் போன வழியில் எழுதியவைதானே!

எட்டாவது செவுரு இருந்த ஆலத்தூர் நாட்டில் அந்த வாரம் சாமை அறுப்பு முடிந்திருந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்குவதற்குள் கதிரை மிதிக்கவிட்டு, தூற்றி, ஊட்டுக்குள் சேர்த்துவிட வேண்டும் என்று ஊரே பறந்தது. களத்துக்குக் களம் மாடுகளைத் தாம்பில் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு களம் மட்டும் சும்மா கிடந்தது. சாணி போட்டு மெழுகி, ஒரு துரும்பு இல்லாமல் பளிச்சென்று கிடந்தது. ஓரத்தில் ஆள் உயரத்துக்குச் சாமைக் கட்டு. பக்கத்தில் மாடுகள் நின்று அசைபோட்டன. மேட்டில் புருசனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நம்மவருக்கு வாய் சும்மா இருக்குமா? வண்டியை நிறுத்தினார்.

“ஏனுங்க, மழை வருது. களத்தைச் சும்மா போட்டுட்டு உக்காந்திருக்கீங்க?”

“வாங்க பாஸ்டரய்யா,” என்று எழுந்தார் செங்கோடன். ஐம்பது வயதிருக்கும்.

அவர் மனைவி பொன்னம்மாள் எழவில்லை. “கேளுங்க, நல்லாக் கேளுங்க. நானும் கட்டிக்கிட்டு வந்த நாள்ளேர்ந்து கேக்கறேன். பதிலக் காணோம்.”

“இன்னைக்கி ஞாயித்துக்கெழமைங்க,” என்றார் செங்கோடன். “உச்சி சாயற வரைக்கும் இந்தக் களத்துல நாங்க காலு வெக்க மாட்டோமுங்க.”

“பக்கத்துக் களத்துல ஓட்டறாங்களே?”

“அவங்களுக்கு அது கெடையாதுங்க. எங்க களத்துக்கு மட்டுந்தான். பாட்டுக்காரங்களுக்குக் குடுத்த வாக்குங்க.”

நல்லுசாமியின் கை வண்டியை விட்டுவிட்டது. வண்டி சாய்ந்து விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எந்தப் பாட்டுக்காரங்க?”

“முள்ளுக்குறிச்சித் தடத்துல ஏறி வந்தாங்களாமுங்க. உக்காந்து பாடறதுக்கு ஒரு எடம் கேட்டாங்களாம். எங்க அப்பாருக்கும் அப்பாரு, ஞாயித்துக்கெழமை காலைல களம் உங்களுது, உச்சிக்கு மேல எங்களுதுன்னு வாக்குக் குடுத்துட்டாராம். கொஞ்ச நாளு வந்து பாடியிருக்காங்க. அப்பறம் வரலீங்க.”

“அவங்க யாருன்னு தெரியுமா?”

“உங்காளுங்கதான்னு ஊருக்குள்ள பேச்சுங்க.”

“அட சாமி!” நல்லுசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாப்பது வருசமா நாயாத் தேடறேனே!”

“நீங்க கேக்கலீங்களே,” என்றார் செங்கோடன் பாவமாக. “வந்தப்பல்லாம் பழைய செவுரு எங்க இருக்குதுன்னுதானுங்க கேட்டீங்க.”

கேட்டீர்களா கதையை! செவுரு இல்லாத சர்ச் ஒன்று இருக்கும் என்று பாஸ்டருக்குத் தோன்றவே இல்லை. இந்த ஊர் வழியாக அவர் நூறு தடவை போயிருப்பார். திங்கட்கிழமை போயிருக்கிறார், புதன்கிழமை போயிருக்கிறார். அப்போதெல்லாம் இது மற்றக் களம் மாதிரி ஒரு களம். வெறுமையாகக் கிடக்கிற அந்த ஒரே ஒரு காலை வேளையில் அவர் எங்கே இருந்தார்? பிரசங்க மேடையில்! கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நின்றும் கண் தெரியாத ஆளாக இருந்திருக்கிறார்.

“அல்லேலூயா!” என்று அவர் போட்ட சத்தத்தில் மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. அறுபத்தெட்டு வயது ஆள் களத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேட்டின் உச்சியில் ஏறி டவர் கிடைத்ததும் நந்தகுமாரைப் பிடித்தார்.

“ஐயா, நெசமாவா சொல்றீங்க?” அந்தப் பக்கம் நந்தகுமாருக்கும் மூச்சு வாங்கியது. “ஆனா காலிக் களத்தைப் போட்டோ எடுத்துப் போட்டா யாருங்க நம்புவாங்க? அடுத்த ஞாயிறு குழுவுல நாலு பேரக் கூட்டிட்டு நானே வாரேன். சுத்தி எல்லாரும் ஓட்டறப்போ இது மட்டும் சும்மா கெடக்கறத நேர்ல பாத்துட்டோம்னா அதுக்கு மேல ஆதாரமே வேண்டாம். அச்சை ஒரு வாரம் தள்ளி வெக்கறேன். முதல் கட்டுரையாவே போடறோம் ஐயா!”

முதல் கட்டுரை! நல்லுசாமி மேட்டிலிருந்து இறங்கி வந்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்று போனது. எதிரே பொன்னம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க பாஸ்டரய்யா, அப்ப அந்தப் பாட்டுக்காரங்க நீங்கதானா?”

“ஆமா அம்மணி! நாங்கதான்!” என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

“நல்லதாப் போச்சு. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க இனிமே வரமாட்டோம், களத்த நீங்களே வெச்சுக்குங்கன்னு. இப்பவே சொல்லுங்க. அந்தா, மழை வந்துக்கிட்டே இருக்குது.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்றால் இதுதான். இந்தக் களம் சும்மா கிடப்பதுதான் ஆதாரம். இனி வேண்டாம் என்று தன் வாயால் சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு நந்தகுமாருக்கு எதைக் காட்டுவது?

“அம்மணி,” என்று இழுத்தார். “இன்னைக்கி ஒரு நாளைக்கு ஓட்டிக்குங்க, நான் சொல்றேன். அடுத்த வாரம் மட்டும் சும்மா விடுங்க. சேலத்துலேர்ந்து நாலு பேரு பாக்க வாராங்க.”

“அடுத்த வாரம் கேவுரு அறுப்புங்க. நீங்க நாலு பேருக்குக் காட்டறதுக்கு நாங்க கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோணுமா?”

நல்லுசாமிக்குச் சுருக்கென்றது. சரித்திரம் எழுதுகிறவருக்கு அது தெரியாதா? வாக்குக்காகச் சும்மா கிடந்தால் அது ஆதாரம். கேட்டுக்கொண்டதற்காகச் சும்மா கிடந்தால் நாடகம்.

பொன்னம்மாள் விடவில்லை. “போன வருசமும் இப்படித்தான் ஒரு ஞாயித்துக்கெழமை. பாதிச் சாமை நனஞ்சு கட்டுலயே மொளச்சுப் போச்சு. நீங்க அங்க ஓட்டுக்கட்டடம் கட்டிக்கிட்டீங்க. மைக் செட்டு வெச்சுப் பாடறீங்க, காத்தடிச்சா இங்க வரைக்கும் கேக்குது. இனிமே வரமாட்டோம்னு ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, வந்து சொன்னீங்களா?”

“இந்தா புள்ள, பெரியவருகிட்ட...” என்றார் செங்கோடன்.

“அவங்க சொல்றது நாயந்தானுங்க,” என்றார் நல்லுசாமி. வெட்கமாக இருந்தது. நாற்பது வருசம் கட்டுரை எழுதியவருக்கு, சொல்லிக்கொள்ளாமல் போனது எப்பேர்ப்பட்ட தப்பு என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. “சரி. இப்பவே சொல்றேன்.”

“சும்மா சொன்னாப் பத்தாதுங்க,” என்றார் செங்கோடன் தயங்கித் தயங்கி. “பாட்டுக்குத்தானுங்க குடுத்தது. பாடிட்டுச் சொல்லோணும்.”

நல்லுசாமி இன்னொரு செருப்பையும் கழற்றி எறிந்தார். மெழுகிய களத்தில் தன்னந்தனியாக நடந்து போய் நடுவில் நின்றார். எத்தனையோ கூட்டத்தில் பாடியவர்தான். சின்ன வயதில் அம்மா சொல்லிக் கொடுத்த கீர்த்தனை ஒன்றை எடுத்தார். சுருதி எங்கேயோ போயிற்று, அவர் எங்கேயோ போனார். பக்கத்துக் களங்களில் மாடுகளை நிறுத்திவிட்டு எல்லாரும் பார்த்தார்கள். அவருக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே பாடினார். முடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“உங்க பெரியவங்க எங்க பெரியவங்களுக்கு எடம் குடுத்தாங்க. நாங்க சொல்லிக்காமப் போயிட்டோம். தப்பு எங்க மேலதானுங்க. நீங்க குடுத்த வாக்கக் காப்பாத்திட்டீங்க. இனிமே நாங்க வரமாட்டோம். களம் முழுசும் உங்களுது. எந்நாளும் உங்களுது.”

இடி இடித்தது. செங்கோடன் ஒரு சாமைக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். களத்தின் விளிம்பில் நின்றுவிட்டார்.

கால் எழவில்லை. பிறந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வைக்காத கால். பின்னால் கட்டோடு வந்த பொன்னம்மாளும் நின்றுவிட்டார். இத்தனை நேரம் வாய் ஓயாத மனுசி, களத்தையும் புருசனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மிதிங்க!” என்றார் நல்லுசாமி.

“எங்கய்யன் மிதிச்சதில்லீங்க,” என்றார் செங்கோடன்.

“நாந்தான் சொல்லிட்டேனே! மிதிங்க சாமி!”

ஊஹூம். மழைக்காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. நல்லுசாமி ஒரே ஓட்டமாக ஓடி வந்து செங்கோடனின் தலையிலிருந்த கட்டைப் பிடுங்கினார். களத்தின் நடுவே கொண்டுபோய்த் தொப்பென்று போட்டார். முடிச்சை அவிழ்க்க வரவில்லை. பல்லால் கடித்து இழுத்துக் கதிரைப் பரத்தினார். வெள்ளைச் சட்டையெல்லாம் தூசி.

“ஐயோ, அப்படியில்லீங்க, கதிரு உள்ள பாத்து இருக்கோணும்!” என்று பதறிக்கொண்டு செங்கோடன் ஓடி வந்தார். பாதிக் களத்துக்கு வந்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று குனிந்து தன் காலையே பார்த்தார். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள்!

அதற்கு மேல் யாருக்கும் நிற்க நேரமில்லை. மாடுகள் இறங்கின. தங்கள் வேலை முடிந்த பக்கத்துக் களத்துக்காரர்கள் நாலு பேர் முறத்தோடு வந்து சேர்ந்தார்கள். நல்லுசாமி கட்டுத் தூக்கினார், மாட்டுக்கு முன்னால் தவறிப்போய் நின்று திட்டு வாங்கினார், தூற்றும்போது காற்றுக்கு எதிரே நின்று உமி தின்றார். அவ்வளவு சந்தோசமாக அவர் எந்த ஞாயிறும் இருந்ததில்லை. கடைசி மூட்டை ஊட்டுக்குள் போகவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது.

வாசலில் தலை துவட்டிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது.

“ஐயா, வண்டி சொல்லிட்டேன்,” என்றான் நந்தகுமார். “அடுத்த ஞாயிறு காலைலயே வந்துடறோம். களம் சும்மா கெடக்கும்லீங்க?”

“கெடக்காது தம்பி. எல்லாரும் கேவுரு ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. அங்க எங்க ஆராதனை இன்னைக்கோட முடிஞ்சுது. நாந்தான் முடிச்சு வெச்சேன்.”

“ஐயா... அது ஒண்ணுதானுங்களே ஆதாரம். அப்பக் கட்டுரை?”

“எடுத்துடு,” என்றார் நல்லுசாமி. “மத்ததப் போடு.”

“அப்ப நாங்க வந்து பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்களா?”

நல்லுசாமி உள்ளே எட்டிப் பார்த்தார். பொன்னம்மாள் மூட்டைக்குள் கையை விட்டுச் சாமை காய்ந்திருக்கிறதா என்று அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி,” என்றார். “சாப்பிடறதுக்கு இருக்குது. வா.”