எருமையின் கழுத்தில் ஏழு கம்பி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஓர் எருமை. உத்திரமேரூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். புளியமரத்தடியில் அது நின்றிருந்தது. அதைக் கட்டியிருந்தது கயிறு அல்ல, கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்பு ரப்பர் கேபிள். பஸ் நிற்கவில்லை. எருமையும் என்னைச் சட்டை பண்ணவில்லை. ஆனால் இந்தக் கேபிளைப் பறிகொடுத்த இயந்திரம் எங்கே வாயடைத்துக் கிடக்கிறதோ என்ற நினைப்பு மட்டும் டிக்கெட் வாங்காமல் என்னோடு வந்துவிட்டது.

எருமையை அப்படியே வைத்துக்கொண்டு வருஷத்தை மட்டும் 1964க்குத் தள்ளினேன். அந்தப் பக்கத்து வயல்களில் பம்புசெட்டும் கல்யாண வீடுகளில் மைக் செட்டும் புதிதாகச் சத்தம் போடத் தொடங்கியிருந்த காலம். பிறகு தொடக்கம் தேடினேன்.

'உத்திரமேரூர்க் கடைத்தெருவில் அன்று காலை

(வேண்டாம். எந்தக் கதையை எடுத்தாலும் அன்று காலைதான்.)

'மனிதக் குரலின் நெடிய வரலாற்றில் மின்சாரம்

(இதை எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை.)

2

முதல் வரைவில் கதை அருள்தாஸுடையது. கடைத்தெருவில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன், வயது இருபத்தெட்டு. அவனிடம் இருந்தது ஒரே மைக். கூத்து நடந்தால் நாலு வேஷக்காரர்களும் அந்த ஒன்றுக்கு முட்டிக்கொள்வார்கள். பட்டணத்தில் ஒரு பழைய சினிமா ஸ்டூடியோவில் சாமான்களைக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு மிக்ஸர் மேஜையை வாங்கினான். ஆறு மைக்குக்கு ஆறு குமிழ், நடுவில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற முள் ஒன்று, அளவு மீறினால் அது தாண்டுகிற சிவப்புக் கோடு ஒன்று. அதற்குக் கரண்ட் கொடுக்கத் தனியாக ஒரு இரும்புப் பெட்டி. இரண்டையும் இணைக்க ஒரு கேபிள்.

வாலாஜாபாத் வரை ரயில், அங்கிருந்து வீராசாமியின் மாட்டுவண்டி. கடைக்கு மேஜை வந்தது, பெட்டி வந்தது. இரண்டு நாள் கழித்துக் கட்டுப் பிரித்துப் பார்த்தால் கேபிளைக் காணோம். அது இல்லாமல் மிக்ஸர் வெறும் மேஜைதான். அதன்மேல் பேப்பர் விரித்து நாஷ்டா சாப்பிட்டான். வேறு கேபிள் தேடிப் பட்டணத்து மூர் மார்க்கெட்டுக்கு மூன்று தடவை போய் வெறுங்கையோடு திரும்பினான். சந்தையன்று தன்னுடைய மைக்கிலேயே, "விலை உயர்ந்த மின்சாரச் சாமானைத் திருடியவர் மரியாதையாகக் கொண்டுவந்து கொடுக்கவும்" என்று அறிவிப்பும் செய்தான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலாம் பக்கத்தில், தலையில் புல்லுக்கட்டோடு ஒருத்தி வந்து கடை வாசலில் நின்று மிக்ஸரையே பார்த்தாள். 'யாரோ ஒரு கூலிக்காரப் பெண்' என்று எழுதிவிட்டு அருள்தாஸைத் தேடிப் போனேன். அவள் நகரவில்லை. அடுத்த பக்கத்திலும் நின்றாள். என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டேன். (எழுதுகிறவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. பெரும்பாலும் பதில் வராது. இவள் சொன்னாள்.)

அருள்தாஸ் மன்னிக்க வேண்டும். அவனுடைய ஐந்து பக்கங்களையும் கிழித்துவிட்டேன்.

3

அவள் பெயர் சிட்டம்மாள். முப்பத்தைந்து வயது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவள். புருஷன் எல்லப்பன் வண்டிகளில் பாரம் ஏற்றி இறக்குகிறவன். வீட்டில் ஓர் எருமை. (ஆமாம், அதேதான். கொஞ்சம் பொறுங்கள்.)

1951இல் ஒரு படத்தில் நடவுக் காட்சிக்கு நிஜமான நடவுக்காரிகளின் குரல் வேண்டும் என்று ஒருவர் வந்து, ஆறு பெண்களை வேனில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனார். ஆளுக்கொரு மைக். சிட்டம்மாளுக்கு மூன்றாவது. கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் ஆறு குமிழ் வைத்த மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். பாடினார்கள். சுவரில் இருந்த ஸ்பீக்கர் பேசியது.

"மூணாவது மைக் அம்மா, ஒரு அடி பின்னால போங்க."

போனாள். மறுபடி பாடினார்கள்.

"இன்னும் ஒரு அடி."

நாலு வயல் தாண்டி நிற்கிறவனும் களையெடுப்பதை விட்டு நிமிர்ந்து கேட்கிற குரல் அது. மற்ற ஐந்து பேரையும் மூடிவிட்டது. அடி அடியாகப் போய், ஏழாவது தடவை கதவின் கைப்பிடி அவள் முதுகில் இடித்தது. அந்தத் தடவைதான் சரியாக வந்தது என்றார்கள்.

படம் டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது மூன்று நாள் போனாள். மணலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கூடப் பாடிய பாஞ்சாலி குரல் கேட்டது, முனியம்மாள் குரல் கேட்டது. தன் குரலை மட்டும் காணோம்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. பேர் வேண்டாம், சினிமா வேண்டாம். அப்படி ஒரு மேஜைக்குள் போகிற தன் குரல் குறைக்கப்படாமல் வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். பதிமூன்று வருஷமாக அந்த ஏக்கம் அவளைப் போட்டுத் தின்றது. யாரிடமும் சொல்லவில்லை. வயலில் மற்றவர்களோடு பாடும்போதுகூடத் தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் நின்றே பாடினாள்.

(அருள்தாஸ் வாங்கியது அதே மேஜைதானா? எனக்குத் தெரியாது. ஆறு குமிழ் இருந்தது. அவளுக்கு அது போதும்.)

4

புல்லுக்கட்டைக் கடை வாசலில் இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"இன்னா அருளு, இன்னிக்காவது அது வாயத் தொறக்குமா?"

"எங்கக்கா. பாரு, கருகிப் பூட்ச்சி."

சீரியல் பல்பு போடுகிற மெல்லிய ஒயரில் ஏழு துண்டு வெட்டி, முனைகளைச் சீவி, மேஜையிலும் பெட்டியிலும் இருந்த ஏழேழு ஓட்டைகளில் நுழைத்துத் தீக்குச்சியால் இறுக்கியிருந்தான். பிளக் இல்லாத இடத்தில் மைக் செட்காரர்கள் செய்கிற வேலை. முள் ஒரு நொடி உதறியது. அப்புறம் ஒயர்கள் சூடு தாங்காமல் உருகி வழிந்துவிட்டன.

"எனுக்கு அதுல ஒரு தபா பாடிப் பாக்கணும்பா" என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அருள்தாஸ் சிரிக்கவில்லை. "பாடேன்கா. எந்தக் குமிழு ஓணுமோ எட்துக்க. ஆனா அந்தக் கேபுளு கெட்ச்சாதான்."

"அது எப்டி இர்க்கும்?"

"கறுப்பு ரப்பரு. கட்டவெரல் மொத்தம். எட்டு மொழம் இர்க்கும். ரெண்டு மொனையிலயும் பித்தளையில பூணு."

சிட்டம்மாள் தன் புல்லுக்கட்டைப் பார்த்தாள். அதைச் சுற்றிக் கட்டியிருந்தது கறுப்பு ரப்பர்.

சட்டென்று அதற்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்றாள். எப்போதும் கட்டைத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். அன்றைக்குத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

5

வீட்டு முன்னால் எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் கழுத்திலும் அதே கறுப்பு ரப்பர். இரண்டு கொம்பிலும் பளபளவென்று பித்தளைப் பூண். எட்டு முழம் எருமைக்கு எதற்கு என்று இரண்டு மாதம் முன்பு அரிவாளால் பாதியாக வெட்டியவள் சிட்டம்மாளேதான். வெட்டின இடத்தில் ஏழு நிறத்தில் கம்பி தெரிந்தபோது, கயிற்றுக்குள் இத்தனை அலங்காரமா என்று சிரித்தாள். மறுபாதியால் தினமும் புல்லுக்கட்டைக் கட்டிக்கொண்டு, தினமும் அருள்தாஸின் கடை வாசலில் போய் நின்று ஏங்கினாள்.

(இது ரொம்பத் தோதாக இருக்கிறது என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். அந்தத் தோதை நீக்கிப் பார்த்தேன். கதை விழாமல் நின்றது, ஆனால் அவள் சோர்ந்து உட்கார்ந்துவிட்டாள். திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

"யோவ், இது ஏதுய்யா?"

"இன்னாமே புச்சா கேக்கற?" என்றான் எல்லப்பன். "பாலாத்து மணல்ல வண்டி சாஞ்சி பூட்ச்சி. கயிறு பத்தல. பொட்டியோட வந்த கயித்தப் போட்டுக் கட்னேன். பாரம் எறக்கனவனுக்குக் கட்டுக்கயிறு. எல்லா வண்டிக்கும் அதான வழக்கம்?"

"அது கயிறு இல்லய்யா. அருளு தேடிக்கினு கீற சாமான்."

எல்லப்பன் அப்படியே குந்திவிட்டான். சந்தையில் மைக் அறிவிப்பைக் கேட்டு அந்தத் திருடனின் கை விளங்காமல் போகட்டும் என்று சபித்தவர்களில் அவனும் ஒருவன்.

"குட்த்தா திருட்டுப் பயன்னுவாங்கமே. வீராசாமி இனிமே வண்டில ஏத்துவாரா? எவன் என்னக் கூப்டுவான்? பேஜாராப் பூடும். பேசாம பொதச்சிடலாம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. பாரம் தூக்குகிறவனிடம் இருக்கிற ஒரே சொத்து, இவன் கையில் சாமான் போனால் பத்திரம் என்கிற பேச்சுதான். இந்த இடத்தில் ஒரு பெரிய சண்டை வைத்திருந்தேன். சட்டி உடைகிறது வரைக்கும் எழுதினேன். ஆனால் சிட்டம்மாள் சண்டை போடவில்லை. எருமையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, பட்டணத்துக் கதவைப் பற்றிச் சொன்னாள். கைப்பிடி இடித்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"கதவு வரிக்கும் தள்னாங்களா?" என்று கேட்டான். அவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவனுக்கு இது தெரியாது.

"ஆமா."

எழுந்துபோய் எருமையின் கொம்பிலிருந்து பூண்களைத் திருகி எடுத்தான். "எருமைய நான் வக்கப்பிரி திரிச்சிக் கட்டிக்கிறேன்" என்றான். "நீ எட்துக்கினு போ. நானும் வரேன்."

6

மறுநாள் நல்ல மழை. பம்புசெட் எதுவும் ஓடவில்லை, அதனால் கரண்ட் வலுவாக வந்தது. வயலில் வேலையும் இல்லை. கடையில் அருள்தாஸ் தனியாக இருந்தான்.

"நாங்கதான் எட்தோம்" என்றாள் சிட்டம்மாள். "கயிறுன்னு நெனச்சிக்கினோம். நான்தான் வெட்டிக்கூடப் போட்டேன்."

எல்லப்பன் பூண்களை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே மழையில் போய் நின்றான்.

அருள்தாஸ் கேபிளைக் கையில் எடுத்து முகர்ந்தான். சாணி நாற்றம். பூணுக்குள்ளிருந்த பிளக் முனைகளை எல்லப்பன் எப்போதோ தட்டி எறிந்திருந்தான். திட்டத்தான் வாயைத் திறந்தான் அருள்தாஸ். ஆனால் மழையில் நனைகிற அந்த மனுஷனைப் பார்த்ததும் அவனுக்கு வேறு ஒன்று உறைத்தது.

"நான் ஊரு பூரா திருடன்னு மைக்குல கத்திட்டனே" என்றான். "உள்ள வாண்ணா. நனையாத. அட்த்த சந்தையில, சாமான் எங்கிட்டயேதான் கெட்ந்திச்சின்னு சொல்லிட்றேன்."

பிறகு வேலையில் இறங்கினான். சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை என்று ஏழு கம்பியையும் முறுக்கி டேப் சுற்றினான். இரண்டு முனையையும் சீவி ஓட்டைகளில் நுழைத்தான். பதினான்கு தீக்குச்சி. மூன்றாவது குமிழுக்கு மைக்கை மாட்டி, குழாய் ஸ்பீக்கரை ஏரிப்பக்கம் திருப்பினான்.

7

முடிவு ஒன்று: ஸ்விட்சைப் போட்டதும் புகை. இதை எழுதி அடித்துவிட்டேன். பதிமூன்று வருஷம் காத்திருந்தவளிடம் புகையைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: அவள் பாடுகிறாள், மழையில் ஊரே வாசலுக்கு வந்து நிற்கிறது, அருள்தாஸ் கண்ணைத் துடைக்கிறான். இதையும் அடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான்.

நடந்தது இவ்வளவு. மேஜைக்குள் கண்ணாடி வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. சிட்டம்மாள் மைக்குக்குப் பக்கத்தில், வாய் படும்படி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு நடவுப் பாட்டை எடுத்தாள். முதல் அடியிலேயே முள் எகிறிச் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. ஸ்பீக்கர் அதிர்ந்தது. ஏரிப்பக்கம் போன குரல் திரும்பி வந்து அவள் காதில் விழுந்தது. சத்தம் மீறினால், பாடுகிறவரைப் பின்னால் போகச் சொல்லி அருள்தாஸுக்குக் கை தானாக எழும். எல்லாக் கல்யாணத்திலும் எல்லாக் கூத்திலும் எழுந்த கை.

அப்போதும் எழுந்தது.

அதைப் பார்க்க அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறக்காமலே அவளுடைய இடது கால், பழக்கதோஷத்தில், ஓர் அடி பின்னால் போய்விட்டது. வலது கால் இன்னும் அசையவில்லை.

இதற்கு மேல் நான் எழுதக்கூடாது. அந்தக் கை எதற்காக எழுந்தது, பின்னால் போகச் சொல்லவா, அங்கேயே நில்லென்று சொல்லவா என்று தெரிந்தாலும் எழுத மாட்டேன். 'யாரோ ஒரு கூலிக்காரப் பெண்' என்று எழுதி அவளை முதலில் பின்னால் அனுப்பியவன் நான். என் பேனாவும் அந்தக் கை மாதிரிதான்.

அதனால் வலது காலை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள். அவள் பாட்டை நிறுத்தவில்லை.