எழுந்து நிற்கும் மெட்டு

வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆன்சி தன் அம்மாவை உள்ளே விட்டாள். அதுவும் போகிற வழியில் ராயப்பர் கோயில் வாசலில் நிறுத்தி வாங்கிய சத்தியம். ஆலிஸுக்கு அங்கேயே சுருக்கென்றது. பெற்ற பெண்ணே தன்னைச் சண்டைக்காரி என்று முடிவு கட்டிவிட்டாளே.

"நீ அங்க ஏதாச்சும் ரவுசு பண்ணே, நான் எழுந்து போயிகினே இருப்பேன் மம்மி. சொல்லிட்டேன்."

"நான் இன்னாடி பண்ணப்போறேன்? அந்த ஃப்ரெடி வாய்லேர்ந்து ஒரே ஒரு பேரு வரணும். உங்க டாடி பேரு. வந்திச்சின்னா கேட்டுகினு கம்முனு வூட்டுக்கு வந்துருவேன்."

"வர்லன்னா?"

"வரும்னு நீதானே சொன்னே?"

ஆமாம், ஆன்சிதான் சொன்னாள். கிடார் ஃப்ரெடி நாற்பது வருஷம் கழித்து ராயபுரத்தில் வாசிக்கப் போகிறான், கூட பேண்டு இல்லை, டிரம்ஸ் இல்லை, ஒற்றை ஆளாக, ஐம்பது அறுபது பேர் முன்னால் என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். இடம் பார்க்க அவன் வந்த அன்று ஆன்சி நேரிலேயே போய்க் கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டிப்பா சொல்றேம்மா, அம்புரோஸ் அண்ணன் பேரச் சொல்லாம அந்த டியூன வாசிப்பேனா?" என்றானாம். கண் கலங்கினானாம். அந்தக் கலங்கலை ஆலிஸ் நம்பவில்லை. ஆனாலும் பூசைக்குக் கட்டுகிற நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நம்பிக்கை என்கிற சனியன் ஆளை லேசில் விடுமா?

நிகழ்ச்சி நடக்கிற இடம் ஒரு காலத்தில் மிளகாய் மூட்டை அடுக்கிய கிடங்கு. இப்போது கண்ணாடிக் கதவு போட்டு, மஞ்சள் பல்பு தொங்கவிட்டு, காப்பியை ஊறுகாய் ஜாடியில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். மூக்கு மட்டும் ஏமாறவில்லை. உள்ளே கால் வைத்ததும் ஆலிஸ் அடுக்குத் தும்மல் போட்டாள். முன்வரிசை இரண்டையும் ஊர்க்காரர்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். பிறந்த மண்ணுக்குத் திரும்புகிறான் இல்லையா, படம் பிடிக்கும்போது மண்ணும் கொஞ்சம் தெரிய வேண்டுமே. அதற்குத்தான் ஹார்பரில் ரிட்டையரான கிழங்களையும் கோயில் பாட்டுக்குழுப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். பின்வரிசையெல்லாம் அடையாறு, அண்ணா நகர்ப் பக்கத்துப் பிள்ளைகள். ஓரத்து நாற்காலியில் பேண்டு மாஸ்டர் நெல்சன், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் எந்தக் கிறிஸ்தவர் செத்தாலும் பெட்டிக்கு முன்னால் ஊதிக்கொண்டு போவது நெல்சனுடைய செட்டுதான்.

ஆலிஸின் புருஷன் அம்புரோஸ் அந்த செட்டில் டிரம்பெட் ஊதினான். ஹார்பரில் கிரேன் வேலை, ஓய்வு நேரத்தில் ஊதல். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் பிறந்த முதல் பிள்ளை சாலமன், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கைக்குழந்தைச் சாவுக்குப் பேண்டு வைக்கிற வழக்கம் கிடையாது. அம்புரோஸ் கேட்கவில்லை. "எம்புள்ளைக்கு நான் ஊதுவேன், எவன் கேக்கறது" என்று டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு, காசிமேடு கல்லறை வரைக்கும் ஒரு மெட்டை ஊதிக்கொண்டே நடந்தான். அதற்கு முன்னால் யாரும் கேட்டிராத மெட்டு. அவன் பக்கத்தில் சைடு டிரம் அடித்துக்கொண்டு நடந்தவன் இந்த ஃப்ரெடி. அப்போது மீசை முளைக்காத பயல். மூன்று வேளையும் ஆலிஸ் கையால்தான் சோறு.

அதற்கப்புறம் ஊரில் சாவு விழுந்தால் அந்த மெட்டைத்தான் கேட்டார்கள். அதற்கென்று ஒரு முறையும் வந்து சேர்ந்தது. பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது அதை ஊத வேண்டும். ஊத ஆரம்பித்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிட வேண்டும். ஊதி முடித்ததும் செத்தவரின் ஞானஸ்நானப் பெயரை நெல்சன் சத்தமாகச் சொல்வார். பெயரைக் கேட்டதும் கூட்டம் செத்தவர் ஆத்துமாவுக்காக இளைப்பாற்றி ஜெபம் சொல்லும். பெயர் வருகிற வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது, நகரக் கூடாது. மழை கொட்டினாலும் அதுதான்.

ஃப்ரெடி பம்பாய்க்குப் போனான், அங்கிருந்து லண்டன் போனான். போகும்போது அந்த மெட்டையும் தூக்கிக்கொண்டு போனான். டிரம்ஸைப் போட்டு அடித்து, ஓட்டமாக ஓடவிட்டு, கிடாரை அலறவிட்டு, ஊர் உலகமெல்லாம் ஆடுகிற பாட்டாக ஆக்கினான். அந்த இரைச்சலில் ராயபுரத்துக்காரர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்புரோஸுக்குப் பிடிபட்டது. ரேடியோவை அணைத்துவிட்டு, "நல்லா வாசிக்கிறான்" என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு ஆலிஸுக்குச் சோறு இறங்கவில்லை.

போன தவக்காலத்தில் அம்புரோஸ் செத்தான். பெட்டி இறங்கும்போது நெல்சன் அதே மெட்டை ஊதினார். ஆலிஸுக்குப் பக்கத்தில் நின்ற எவனோ ஒரு காலேஜ் பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மச்சி, ஃப்ரெடி பாட்ட சாவுல ஊதறாங்கடா, செம" என்றான். அவள் பிள்ளைக்கு அவள் புருஷன் போட்ட மெட்டு, அவன் குழிக்குள் இறங்குகிற நேரத்தில் இன்னொருத்தன் பாட்டாகிவிட்டது. அந்த இன்னொருத்தன் சாவுக்கு வரவும் இல்லை. அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் ஆலிஸுக்கு இன்றுவரை அடங்கவில்லை.

ஃப்ரெடி மேடைக்கு வந்தான். அறுபதைத் தாண்டிய பிறகும் குதிரைவால் முடி, அதற்குக் கறுப்புச் சாயம். ஊரே வேர்த்து வழிகிற நாளில் கழுத்தில் ஒரு சால்வை. கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கறுப்புக் கண்ணாடி.

"இன்னாடி, அவனுக்குக் கண்ணு வலியா?" என்றாள் ஆலிஸ்.

ஆன்சி அவள் தொடையில் கிள்ளினாள்.

அவன் வாசித்தான். வாசிப்பைக் குறை சொல்ல முடியவில்லை, ஆலிஸுக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கதை அளந்தான். உப்புக் காற்று, டீசல் வாசனை, கப்பல் சங்கு. ஒரு கட்டத்தில் குரலைத் தாழ்த்தி, "இதே தெருவுல எத்தனையோ நாள் பட்டினி கெடந்திருக்கேன்" என்றான். பின்வரிசைப் பெண் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"பட்டினியா? கூடை கூடையா நெத்திலி வறுத்துக் கொட்டினேன் இவனுக்கு. இன்னாமா பீலா வுட்றான் பாரு."

"மம்மி, சத்தியம்."

ஆலிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடைசியில் ஃப்ரெடி கண்ணாடியைக் கழற்றினான். நேராக ஆலிஸைப் பார்த்தான். அடையாளம் தெரிந்து தலையையும் ஆட்டினான். ஆன்சி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இப்ப வாசிக்கப் போறது நீங்க எல்லாரும் காத்துகிட்டிருக்கிற டியூன்" என்றான். பின்னால் விசில் பறந்தது. "இது எப்படிப் பொறந்துச்சுன்னு கேக்காத ஆளு இல்ல. இன்னைக்கு என் சொந்த ஊர்ல வெச்சுச் சொல்றேன்."

ஆலிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்லிவிடுவான் போல இருந்தது. சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்றுகூட அந்த நொடியில் நினைத்தாள். சாவுக்கு வராததையும், பட்டினிக் கதையையும் சேர்த்து.

கேமராக்காரன் குனிந்தபடி நெருங்கி வந்தான். ஃப்ரெடியின் கண் ஆலிஸை விட்டுக் கேமராவுக்குப் போனது.

"நான் சின்னப் பையன். காசிமேட்டுல பாறைமேல தனியா உக்காந்திருந்தேன். அலை வந்து மோதுது, திரும்புது, மோதுது. அந்த அலைதான் எனக்கு இந்த மெட்டக் குடுத்துச்சு. என்னைக் கேட்டா, இது கடலோட பாட்டு."

கைதட்டல் கூரையை இடித்தது. அலையாம். கடலாம். பெற்ற பிள்ளையை வைத்து ஒரே கையில் தூக்கிப் போன பெட்டியும், அழுதுகொண்டே ஊதிய மனுஷனும் அலையாகிவிட்டார்கள். ஆன்சியின் முகம் செத்துப் போயிருந்தது.

"வா மம்மி, போயிடலாம்" என்றாள், இந்த முறை அவளே.

"உக்காரு. முழுசா கேட்டுட்டுப் போலாம்."

ஃப்ரெடி வாசிக்க ஆரம்பித்தான். அங்கேதான் அவன் தப்புப் பண்ணினான். கூட டிரம்ஸ் இல்லை, இரைச்சல் இல்லை. இருக்கிற இடமும் சின்னது. அதற்குத் தக்கபடி, ஒவ்வொரு சுரமாக விட்டுவிட்டு, மெல்ல வாசித்தான். நாற்பது வருஷம் ஓடவிட்ட மெட்டை முதல்முறையாக நடக்கவிட்டான். நடக்கவிட்டதும் அது யாருடையது என்று தெரிந்துவிட்டது.

முதலில் நெல்சன் எழுந்தார். யோசித்து எழவில்லை. மடியிலிருந்த தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் பாட்டுக்குழுப் பெண்கள் எழுந்தார்கள். முட்டிவலிக்காரக் கிழவர் ஒருவர் முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு வரிசையும் எழுந்து நின்றது. ஆலிஸும் நின்றாள். ஆன்சியும் நின்றாள்.

ஃப்ரெடி நிமிர்ந்து பார்த்தான். ஊரே தனக்காக எழுந்து நிற்கிறது என்று நினைத்தான். சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டான். முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசையும் எழுந்து, போன் விளக்கைத் தூக்கிப் பிடித்து ஆட்டியது. பெரிய கலைஞனுக்கு வேறென்ன வேண்டும், இன்னும் உருக்கமாக இழுத்து வாசித்தான்.

அடுத்த முறை கண்ணைத் திறந்தபோது பெண்கள் முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டிருந்தார்கள். ஆண்கள் குனிந்து நின்றார்கள். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஒரு கிழவி சிலுவை போட்டாள். ஃப்ரெடியின் விரல் ஒரு தந்தியில் வழுக்கியது. சைடு டிரம் அடித்தவன் இல்லையா, அவனுக்குத் தெரியாத முறையா? மிச்சத்தை எப்படியோ வாசித்து முடித்தான்.

பின்னால் கை தட்டினார்கள். முன்னால் ஒரு கையும் அசையவில்லை என்று தெரிந்ததும் அதுவும் அடங்கிப்போனது. யாரும் உட்காரவில்லை.

"தேங்க்யூ" என்றான் ஃப்ரெடி. "தேங்க்யூ ராயபுரம். உக்காருங்க."

அப்படியே நின்றார்கள்.

"ப்ளீஸ். உக்காருங்க எல்லாரும்."

நெல்சன் தொப்பியை நெஞ்சிலிருந்து எடுக்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார். "பேரச் சொல்லு நைனா. பேரு வர்ணும் இல்ல."

அவரிடம் கோபம் எதுவும் இல்லை. முறையைத்தான் சொன்னார். ஃப்ரெடி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டான். ஆலிஸைப் பார்த்தான். ஆலிஸ் கண்ணைச் சிமிட்டாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாய் திறந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃப்ரெடி ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தான், வாய் மூடிக்கொண்டது. பிறகு இரண்டு கையையும் கூப்பி, பல்லைக் காட்டினான்.

"லவ் யூ ராயபுரம்" என்றான்.

இவன் வாயிலிருந்து அந்தப் பெயர் எந்தக் காலத்திலும் வராது என்று ஆலிஸுக்கு அப்போது தெரிந்துபோனது. கெஞ்சினாலும் வராது, சண்டை போட்டாலும் வராது. தலைமேல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கல்லறையில் நெல்சன் எப்படி இழுத்துச் சொல்வாரோ அதே மாதிரி, கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சவரிமுத்து மகன் பிரடெரிக்."

பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்த கூட்டம். பெயர் கிடைத்ததும் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே." பாதியில் நாலைந்து பேருக்கு யார் பெயர் என்று உறைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஆரம்பித்த ஜெபத்தை நடுவில் விடுகிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. முடிவில்லாத ஒளி அவன்மேல் ஒளிர வேண்டும் என்று கேட்டார்கள், சமாதானத்தில் இளைப்பாற வேண்டும் என்று கேட்டார்கள், ஆமென் என்று சேர்ந்து முடித்தார்கள்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஃப்ரெடியின் வலது கை, ஆமென் கேட்டதும், பழக்கத்தில் நெற்றிக்குப் போனது. தன் சாவுக்குத் தானே சிலுவை போடுகிறோம் என்பது கை நெஞ்சுக்கு வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கிடாரின் மேல் போட்டான். தந்தி அதிர்ந்து ஒரு சத்தம் வந்தது.

அடக்கம் முடிந்தால் யாரும் நிற்க மாட்டார்கள். நெல்சன் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். முன்வரிசை மொத்தமும் அவர் பின்னால் போனது. பின்வரிசைப் பிள்ளைகள் என்ன நடந்தது என்று புரியாமல் போன் விளக்கைத் தூக்கியபடி நின்றார்கள்.

வாசலில் வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆன்சி அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"சத்தியம் பண்ணியே மம்மி."

"ரவுசு பண்ணனா? எல்லாரும் பேரு வராம நின்னுகினு இருந்தாங்க. செத்தவன் பேரச் சொன்னேன்."

ஆன்சி அம்மாவின் கையை விடவில்லை. எதிரிலிருந்த டீக்கடையில் நெல்சன் எல்லோருக்கும் டீ சொல்லியிருந்தார். கல்லறையிலிருந்து திரும்புகிறவர்கள் குடிக்கிற மாதிரி, நின்றுகொண்டே குடித்தார்கள். மழை வருமா, மீன் என்ன விலை என்று பேசினார்கள். ஃப்ரெடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆலிஸ் தன் டீயில் சர்க்கரை தூக்கலாகப் போடச் சொன்னாள்.