குச்சியால் அடித்தவன்

டிசம்பர் பிறந்தும் வடபனி நாட்டுக் கரிபு மான்கள் உறைந்த ஏரியைக் கடக்கவில்லை. காலையிலேயே ஊர் மண்டபம் நிறைந்துவிட்டது. உள்ளே ஈரக் காலணிகளின் வாடை.

"இன்னும் ஒரு மாசம் கடைக் கோழியையே தின்னா எனக்கு இறக்கை முளைச்சிடும்," என்றாள் எர்னஸ்டின், தேநீர்க் கெட்டிலோடு சுற்றி வந்தபடி.

"முளைக்கட்டும் அக்கா. பறந்து போய் மான் எங்கேன்னு பார்த்துட்டு வா," என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

வேட்டைக் குழுத் தலைவர் ஓக்டாவ் சிரிக்கவில்லை. "யாரோ மானைக் குச்சியால அடிச்சிருக்கீங்க," என்றார்.

சிரித்தவர்கள் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். மானைச் சுடலாம், குத்தலாம். குச்சியால் மட்டும் அடிக்கக் கூடாது. அடித்தால் மான் அவமானத்தில் ஊரையே விட்டுப் போய்விடும். அடித்தவனுக்கு யாரும் இறைச்சி கொடுக்க மாட்டார்கள். அவன் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

பாசில் எழுந்தான். மூன்று நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னான்.

"மோடெஸ்ட் அடிச்சான். ஆகஸ்ட்ல, சாம்பல் ஏரிக்கிட்ட. தோட்டா தீர்ந்துபோச்சு. குண்டடிபட்ட குட்டியைத் துடுப்பால அடிச்சான். நான் பார்த்தேன்."

பொய். துடுப்பு படகிலேயே கிடந்தது. குட்டியை மோடெஸ்ட் கத்தியால்தான் முடித்தான். மச்சான்கள் சேர்ந்துதான் போக வேண்டும் என்று ஊர் அனுப்பிய வேட்டை அது. அந்த மூன்று நாள் வேட்டையில் இருவரும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

மோடெஸ்ட் செலினின் அண்ணன். செலின் பாசிலின் மனைவி. போன டிசம்பரில், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. தெற்கிலிருந்து மருத்துவ விமானம் வந்தது. மாலை நாலு மணி, இருட்டிவிட்டது. ஓடுதளத்தில் விளக்கு இல்லை. விளக்கு அறைச் சாவி, ஓடுதளத்தைக் கவனிக்கும் மோடெஸ்டின் சட்டைப்பையில் இருந்தது. அவனோ பக்கத்து ஊரில், மேளத்துக்கு நடுவே, கைக்குள் காய் ஒளித்துப் பந்தயம் ஆடிக்கொண்டிருந்தான். பத்துப் பனிவண்டிகளை வரிசையாக நிறுத்தி முகப்பு விளக்கைப் போடுவதற்குள் விமானம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டது. விடிவதற்குள் செலின் போய்விட்டாள்.

அடக்கத்தின்போது ஊர் இருவரையும் ஒரே மாதிரி கட்டிக்கொண்டது. ஒருவன் மனைவியை இழந்தவன், ஒருவன் தங்கையை இழந்தவன். அவ்வளவுதான். அந்தச் சாவியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பாசிலால் மறக்க முடியாதது அது.

"மோடெஸ்ட், நிஜமா?" என்று கேட்டார் ஓக்டாவ்.

மோடெஸ்ட் பாசிலையே பார்த்தான். 

"ஆமா," என்றான். "அடிச்சேன்."

அவனுக்கு ஊற்ற வந்த எர்னஸ்டின் கெட்டிலை நிமிர்த்திக்கொண்டு அடுத்தவரிடம் போனாள். பக்கத்தில் இருந்தவன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். மோடெஸ்ட் எழுந்து வெளியே போனான். யாரும் வழியில் நிற்கவில்லை.

பாசிலுக்கு இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. பின்னாலேயே போனான்.

மோடெஸ்ட் பனிவண்டி இருக்கையில் படிந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு வருடமாக இல்லாத தெளிவு.

"ஏன்டா ஒத்துக்கிட்டே?"

"என் தப்புதான்னு எத்தனை பேர்கிட்ட நானே சொல்லிப் பார்த்தேன் தெரியுமா மச்சான்? 'விளக்கு ஜெனரேட்டரே பழசுப்பா, நீ இருந்தாலும் என்ன பண்ணியிருப்பே'ன்னு தோளைத் தட்டிட்டு டீயை ஊத்திடறாங்க. ஒருத்தராவது காறித் துப்பமாட்டாங்களான்னு இருந்துச்சு. நீ பொய்யாவது சொன்னியே. இன்னைக்குத் தூங்கிடுவேன்."

தூங்கிடுவேன். பாசில் அந்தச் சொல்லை மென்று பார்த்தான். தான் தேடித் தேடி எடுத்து வந்த கத்தி, இவனுக்கு மருந்தாகிவிட்டது.

திரும்பி மண்டபத்துக்குள் நடந்தான்.

"நான் சொன்னது பொய்," என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "மோடெஸ்ட் எந்த மானையும் அடிக்கல. கத்தியாலதான் முடிச்சான்."

ஓக்டாவின் முகம் இறுகியது. "அவன்தான் ஒத்துக்கிட்டானே?"

"எனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டான். என் மச்சான் அவ்வளவு நல்லவன்."

வாசலில் வந்து நின்ற மோடெஸ்ட் கத்தினான். "இல்ல! நான்தான் அடிச்சேன்!"

யாரும் நம்பவில்லை. எர்னஸ்டின் கெட்டிலை வைத்துவிட்டு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். "தங்கச்சியையும் பறிகொடுத்துட்டு, இவன் பொய்யையும் சுமக்கிறியேடா ராஜா."

"என்னைத் தொடாதீங்க அக்கா."

அவள் இன்னும் இறுக்கிக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர் வந்து அவன் முதுகைத் தடவினார்கள். யாரோ கோப்பையை நிரப்பி அவன் கையில் திணித்தார்கள். தேநீர் தளும்பி விரல்களில் வழிந்தது.

"மான் விஷயத்துல பொய் சொன்னவனுக்கு இந்த வருஷம் பங்கு கிடையாது," என்றார் ஓக்டாவ்.

"வேணாம்," என்றான் பாசில்.

வெளியேற வந்தபோது மோடெஸ்ட் கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தான். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது.

"மச்சான், சொல்லிடு. அன்னைக்கு அந்தச் சாவியால நடந்ததை இவங்ககிட்ட நீயே சொல்லிடு. உன் வாயால சொன்னா கேப்பாங்க."

பாசில் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"என்னைக்கு?" என்று கேட்டான்.