பதினோரு தெருவுக்கு ஒரு மூடி

நகராட்சி அலுவலகத்தில் வெல்டருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: மூடிக்காரர். அவர் படியேறும்போதே உள்ளே குரல் கேட்கும். "வந்துட்டாருய்யா மூடிக்காரரு. அந்த நாற்காலியத் தூக்கி உள்ள போடு, உக்காந்துடப் போறாரு."

அவர் வீட்டுக்கும் எதிர்ச்சாரியிலிருந்த பட்டறைக்கும் நடுவே, எட்டு மாதமாக ஒரு சாக்கடைக் குழி வாயைப் பிளந்து கிடந்தது. ஆள் ஆழம். ஊரார் சுற்றிப் போனார்கள். அவர் மனைவிக்குத்தான் கண்டம். அவளுக்குப் பார்வை நடுவில் அவிந்துபோய், ஓரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு காலடியை எண்ணிக்கொண்டே வருவாள். பன்னிரண்டு எண்ணியதும் நின்று, மின்கம்பத்தைக் கையால் தடவி, வளைந்து வருவாள். ஓர் எண் தப்பினால் போச்சு. நானே வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றால் கேட்கமாட்டாள்.

"கண்ணுதாங்க போச்சு. காலையும் கட்டிப் போடுறீங்களா?" என்பாள்.

ஒன்பதாவது தடவை மனுவோடு போனபோது குமாஸ்தா கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"மூடி போட்டாச்சுன்னு இருக்கேண்ணே."

"எங்க?"

"உங்க தெருவுலதான். போன மாசமே."

"பத்து நிமிஷ நடை. வந்து பாருய்யா."

"வந்து பாக்குறது வேற செக்ஷன். நாங்க எழுதுறவங்க."

"அப்ப அந்தக் குழிக்குள்ள எறங்கி நின்னு எழுது."

நாலு பேர் சிரித்தார்கள். குமாஸ்தாவைப் பார்த்து இல்லை, இவரைப் பார்த்து.

அன்றைக்கே பட்டறையில் கிடந்த கனத்த தகட்டை வெட்டினார். அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய லாரிச் சட்டத்துண்டுகளை வைத்துப் பற்றவைத்தார். மறுநாள் குழியை மூடி, மேலே ஏறி நின்று குதித்தும் பார்த்தார். அசையவில்லை. மனைவியின் கையைப் பிடித்து அழைத்துவந்து அதன்மேலேயே நிறுத்தினார்.

"இனிமே எண்ண வேணாம், வளைய வேணாம். நேரா வா."

"நெஜமாவா?"

"நான் செஞ்சதுடி. யானை ஏறினாலும் தாங்கும்."

அவள் அன்று வீட்டுக்கும் பட்டறைக்கும் ஆறு தடவை நடந்தாள். ஒரு வேலையும் இல்லாமல்.

மூன்றாம் நாள் கவுன்சிலர் வந்தார். கூடவே குமாஸ்தா, படம் பிடிக்கிறவன், மாலை. போட்ட மூடிக்கெல்லாம் மேலிடத்தில் படம் கேட்டிருக்கிறார்களாம்.

"இது நான் போட்டது," என்றார் வெல்டர்.

கவுன்சிலர் அவர் தோளில் கையைப் போட்டார். "யாரு போட்டா என்ன மாமா? குழி மூடியாச்சா இல்லையா? நாங்க போட்டதா இருந்துட்டுப் போகட்டுமே. உங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

யோசித்தார். பெயர் எவனுக்கோ போகட்டும், மூடி நம் வாசலில் கிடந்தால் போதும் என்று தோன்றியது. குமாஸ்தா தாளை நீட்டினான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனிதர் இரண்டு வரி தாண்டுவதற்குள், "வெயில் ஏறுது, சீக்கிரம்" என்று படம் பிடிக்கிறவன் கத்தினான். கையெழுத்துப் போட்டார். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், முகத்துக்குக் கவசம் போட்டுக்கொண்டு ஒரு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கவசத்துக்குள்ளிருந்து பார்த்தால் நெருப்பைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாது. பக்கத்தில் அரவை மிஷின் வேறு அலறிக்கொண்டிருந்தது. டிராக்டர் வந்ததும் தெரியாது, நாலு பேர் மூடியைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போனதும் தெரியாது. மனைவி டப்பாவோடு படியிறங்கி, எண்ணாமல், வளையாமல், அவர் சொன்னபடி நேராக வந்ததும் தெரியாது.

ஆட்கள் ஓடுகிற சத்தத்தில்தான் கவசத்தைத் தூக்கினார்.

இடுப்பெலும்பு இரண்டாக உடைந்திருந்தது. இனி நடக்கிற பேச்சே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நேரா வான்னுதானே சொன்னீங்க?"



இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்குப் போய், மூடி எங்கே என்று கேட்டார். அன்று யாரும் மூடிக்காரர் என்று கூப்பிடவில்லை. குமாஸ்தா கோப்பைத் திறந்து படங்களைப் பரப்பினான். பதினோரு தெரு, பதினோரு குழி, பதினோரு மாலை. மூடி மட்டும் ஒன்று. தன் கையால் பற்றவைத்த தழும்பு அவருக்குத் தெரியாதா?

"இது எல்லாமே என் மூடி."

"அதுக்குத்தான் வர்றேன்." குமாஸ்தா ஒரு தாளை எடுத்து வைத்தான். "உங்க கையெழுத்துதானே? 'சாக்கடை மூடி ஒன்று நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' போட்டதைப் பார்த்தேன்னு இல்ல, பெற்றுக்கொண்டேன்னு. வாங்கின பொருளுக்கு நீங்கதாண்ணே பொறுப்பு. காணோம்னு நீங்க மனு குடுத்தா, எங்க வச்சேன்னு போலீஸ் உங்களத்தான் கேக்கும். அதுவும் இரும்பு வேலை செய்யற ஆளு. எதுக்கு வம்பு? இன்னொண்ணு அடிச்சுப் போட்டுடுங்க. உங்களுக்கு அரை நாள் வேலை."

வெல்டர் அந்தத் தாளின் நகல் ஒன்று கேட்டார். பிரச்சினை முடிந்த சந்தோஷத்தில் அவன் உடனே எடுத்துக் கொடுத்தான்.

கடைசிப் படத்திலிருந்த தெருவுக்கு பட்டறையில் இரும்பு ஏற்றுகிற தாழ்வான வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். படமெடுப்பு முடிந்துவிட்டதால் மூடி அங்கேயே கிடந்தது. மேலே இரண்டு பிள்ளைகள் சாக்பீஸால் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தன. அவற்றை எழுப்பி விரட்டிவிட்டு, கடப்பாரையை விளிம்பில் கொடுத்து நெம்பினார்.

ஒரு வீட்டிலிருந்து மாவுக் கையோடு ஒரு பெண் ஓடிவந்தாள்.

"ஐயா, என்ன பண்றீங்க? இப்பதான் போட்டாங்க! ஒரு வருஷம் நாயா அலைஞ்சோம்!"

அவர் நகலை நீட்டினார். "படி."

படித்தாள். புரியவில்லை. "அதுக்கு? பிள்ளைங்க ஓடியாடுற எடம்யா இது. உங்க வீட்ல பொம்பளைங்க, புள்ளைங்க இல்லையா?"

"இருக்காங்க."

மூடி புரண்டு வண்டியில் விழுந்தது. குழியிலிருந்து வாடை எழும்பியது. இரண்டு பிள்ளைகளும் ஆசையாக விளிம்புக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தன. அவள் இரண்டையும் பின்னால் இழுத்துக்கொண்டு அலறினாள்.

"நாங்க என்னய்யா பண்ணுவோம்?"

வெல்டர் நகலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மனு குடும்மா," என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளினார்.