பிஸ்கட் டப்பாவில் பதினேழு ரப்பர்

தம்பி வந்து ஷெட் வாசலில் நின்றபோது கார் ஸ்பிரிங் வேலையால் அந்தப் பேர் வாங்கிய ஸ்பிரிங் அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. அவன் செருப்பை மட்டும் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. மெக்கானிக் செருப்பு அப்படியா இருக்கும்? வேலை செய்கிறவனாக இருந்தால்தானே அழுக்காகும்!

"அக்கா, அப்பாவோட பழைய கார். முன்பக்க உயரத்தை ரெண்டு இஞ்ச் இறக்கணும். அடுத்த வாரம் கண்காட்சிக்குப் போகுது."

"பட்டறை முதலாளி நீதானே? நீயே இறக்கு."

முயன்று பார்த்திருக்கிறான். சக்கரத்துக்கு மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமலே கழற்றப் போய், அது எகிறி மட்கார்டை நசுக்கிவிட்டது. உயிர் தப்பியதே பெரிய விஷயம். அதைச் சொல்லும்போது அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. ஆமாம், ஆனந்தம்தான். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

"அப்பாவும் வராராம். நீ கை வைக்கும்போது பக்கத்துலயே இருக்கணுமாம்."

சுருக்கென்று தைத்தது. அடுத்த நொடியே, வரட்டும், அந்த மனுஷன் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று தோன்றியது. "சனிக்கிழமை காலையில கொண்டு வா" என்றாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அக்காவும் தம்பியும் அப்பாவின் பட்டறையில்தான் ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஒரு பல் டாக்டரின் காருக்கு அவள் முன்பக்கம் இறக்கிக் கொடுத்தாள். அன்றைக்கு அனலாகக் காய்ச்சல். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, "பார்த்து முறுக்கிடுடா" என்று தம்பியிடம் சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். அந்த போல்ட்டை முறுக்க ஒரு முறை உண்டு. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் முழுக்கச் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் முறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால், இறங்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் திருகிக்கொண்டே கிடந்து, சில மாதத்தில் கிழிந்துவிடும். கிழிந்தது. கார் ஒரு பக்கம் இழுத்துச் சுவரில் மோதி, டாக்டரின் வலது மணிக்கட்டு முறிந்தது. பல் பிடுங்குகிற கை!

கிழிந்த ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா கேட்டார், "யார் முறுக்கினது?" தம்பி வாய் கூசாமல் சொன்னான், "அக்காதான்." தான் இல்லையென்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைத்த மனுஷனுக்கு அது காதில் ஏறுமா? கட்டுப் போட்ட கையோடு நின்ற டாக்டர் முன்னாலேயே அவள் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், செய்த தப்பு என்ன என்று தம்பி இன்றுவரை யாரையும் கேட்டதில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வானே! மடியில் கனம். அதனால் பட்டறைக்கு வந்த கார்களுக்கெல்லாம் அதையே செய்துகொண்டிருந்தான். அந்தக் கார்கள் கொஞ்ச நாளில் அக்காவின் ஷெட்டுக்கு வந்தன. கிழிந்த ரப்பர் ஒவ்வொன்றிலும் வண்டி நம்பரை வெள்ளைப் பெயிண்டால் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தாள். சிலர் நகை சேர்ப்பார்கள், அவள் இதைச் சேர்த்தாள்.

சனிக்கிழமை அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை மட்டும் அவள் கையிலிருந்து எடுக்கவில்லை.

காரை ஸ்டாண்டில் ஏற்றி ஸ்பிரிங்குகளைக் கழற்றினாள்.

"ஸ்பிரிங்கை காஸ் கட்டர் வெச்சு வெட்டினா சீக்கிரம் முடியுமே" என்றான் தம்பி.

"சூடு பட்டா ஸ்பிரிங் செத்துடும். சும்மா இரு." கட்டிங் மெஷினில் அரைச் சுற்று மட்டும் எடுத்தாள், உயரம் பார்த்தாள், பிறகு இன்னும் கால் சுற்று. வெட்டியதை ஒட்ட முடியாதே.

தம்பி ஒரு பெட்டியைத் திறந்தான். சிவப்பாக, நீளமாக இரண்டு ஷாக் அப்சார்பர். "ரேஸ் கார்ல போடறது. கல்லு மாதிரி இருக்கும்."

அவள் டேப்பை வைத்து அளந்து சிரித்தாள். "வண்டிதான் இறங்கிடுச்சே, இவ்வளவு நீளம் உள்ளே போக எங்கடா இடம்? ஒரு சின்னப் பள்ளம் வந்தாலே அடியில முட்டிடும். ஷாக்குக்கு ஒண்ணும் ஆகாது, அப்பா இடுப்புதான் போகும்." தான் வாங்கி வைத்திருந்த குட்டை ஷாக்குகளை மாட்டினாள். அளவாக அமுங்கி அளவாக எழும்புகிறவை.

அப்பா முதல்முறையாக "உம்" என்றார்.

அந்த "உம்"முக்கு அவள் மயங்கவில்லை. "லோயர் ஆர்ம் போல்ட்டெல்லாம் கையால திருகியிருக்கேன். பார்த்து முறுக்கிடுடா. நான் கை கழுவிட்டு வரேன்." அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை.

குழாயைத் திறந்துவிட்டாள், கையை நனைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஸ்பேனர் டக் டக்கென்று சத்தம் போடத் தொடங்கியது. சக்கரம் இன்னும் அந்தரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"டேய், நிறுத்து." அப்பாவின் குரல். "வண்டி எங்கே இருக்கு?"

"ஸ்டாண்டுலதான்பா."

"எப்பவும் இப்படித்தான் முறுக்குவியா?"

"ஆமா. வேற எப்படி முறுக்கறது?"

அக்கா குழாயை மூடினாள். டப்பாவை எடுத்து வந்து அப்பாவின் மடியில் வைத்தாள். "பதினேழு. எல்லாம் உங்க பட்டறையிலேர்ந்து வந்த வண்டி. நம்பர் எழுதியிருக்கேன், பாருங்க."

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஏழாவதுக்கு மேல் பார்க்கவில்லை. மெல்ல எழுந்து, முறுக்கியதைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, மகன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி அவளிடம் நீட்டினார். "நீ முறுக்கும்மா."

இந்த நொடி வந்தால் அழுதுவிடுவோம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "டாக்டர் முன்னால பிடுங்கினீங்க. இப்ப ஆள் இல்லாத இடத்துல கொடுத்தா ஆச்சா?" என்று போனை எடுத்தாள். டாக்டரின் நம்பரை அவள் அழிக்கவே இல்லை.

தம்பி பதறினான். "வேணாம்கா, மானம் போயிடும்!"

"போகட்டும். என்னோடது போய் பதினோரு வருஷம் ஆச்சு. துணைக்கு உன்னோடதும் போகட்டும்."

எதிர்முனையில் மணி அடித்தது. போனை அப்பாவின் கையில் வைத்தாள். "டாக்டர், நான்தான்... அந்தப் பட்டறைக்காரன்..." என்று குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்பீக்கர்ல போடுங்கப்பா" என்றாள்.

போட்டார். "உங்க கை உடைஞ்சதுக்குக் காரணம் என் பொண்ணு இல்ல டாக்டர். என் பையன். நான்தான் விசாரிக்காம அவளை விரட்டிட்டேன்."

டாக்டர், "இதை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

அப்பா அவளைப் பார்த்தார். அவள் ஸ்பேனரை வாங்கவில்லை, ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போய் வண்டியை மெதுவாகத் தரையில் இறக்கத் தொடங்கினாள். அவர் அதை அவளிடமே நேராகச் சொல்லட்டும், அதுவரை போல்ட் அப்படியே கிடக்கும்.